மறு: பிங்குவாலுயிட் – 'எரிமலைவாய் ஏரி' பொருந்துமா?

> 'கிரேட்டர்' ஏரிக்கு (crater lake) 'எரிமலைவாய் ஏரி' என்ற பாடநூல் சொல் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அன்புள்ள ஐயா,

எரிமலை உச்சி இடிந்து அமிழ்ந்த பள்ளத்தில் நீர் தேங்கினால் அந்தச் சொல் சரி. நம் கட்டுரையில் வருவது பிங்குவாலுயிட். கனடாவில், வட கியூபெக்கின் அங்காவா தீபகற்பத்தில், மரமே இல்லாத தூந்திர வெளியில், சுமார் 14 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து குடைந்த குழி அது. குறுக்களவு ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர், நீரின் ஆழம் 250 மீட்டருக்கும் மேல்.

கனிமம் தேடி அலைந்த ஃபிரெட் சப் என்பவரும் அதை எரிமலைவாய் என்றே நம்பினார். அப்படியானால் வைரம் கிடைக்கும் என்று அவருக்கு ஆசை. 1950இல் அவருடன் சென்று விண்கல் குழி என்று சொன்னவர் டொரொன்டோ அருங்காட்சியகத்தின் பென் மீன் (பெயர்தான் மீன், ஆள் நிலவியலாளர்). வைரக் கனவு கலைந்தது; குழிக்குச் சப்பின் பெயர் மட்டும் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு 'நியூ கியூபெக் குழி' ஆகி, 1999இல் அப்பகுதிப் பழங்குடிகளான இனூயிட் மக்கள் வழங்கும் 'பிங்குவாலுயிட்' என்ற பெயருக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் மொழியில் அது தோலில் எழும் பருவைக் குறிக்கும். தட்டை நிலத்திலிருந்து 160 மீட்டர்வரை எழும் விளிம்பைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர். சப் பட்ட ஏமாற்றத்தை நம் வாசகரும் படவேண்டுமா?

என் பரிந்துரை 'மோதுகுழி ஏரி'. 'விண்கல் பள்ளம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பள்ளம் என்பது தாழ்ந்த நிலம் எதற்கும் ஆகும். மோதுகுழி என்றால் காரணமும் வடிவும் சேர்ந்து வருகின்றன. நீரில்லாத நிலவுக் குழிகளுக்கும் உதவும். நெடுங்காலம் எரிமலைவாய் என்றே கருதப்பட்ட மகாராட்டிரத்து லோனாருக்கும் இதுவே பொருந்தும்.

---

> என் பரிந்துரை 'மோதுகுழி ஏரி'.

மோதுகுழிக்கு என் வாக்கு உண்டு, 'ஏரி'தான் உறுத்துகிறது. ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல் எல்லாம் மனிதன் கட்டியவை. பிங்குவாலுயிட்டில் ஓடை வந்து விழுவதுமில்லை, வெளியேறுவதுமில்லை. மழையும் பனியுமே வரத்து. மனிதர் வெட்டாத நீர்நிலைக்குப் 'பொய்கை' என்ற பழஞ்சொல் இருக்கிறதே?

---

பொய்கை நல்ல சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் நம் வாசகருக்குத் தாமரை பூத்துவிடும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி மூடிக் கிடக்கிறது. பைக்கால் முதல் பெரிய கரடி ஏரி வரை 'ஏரி' என்றே எழுதிப் பழகிவிட்டோம். இதற்கு மட்டும் விலக்கு வேண்டாம். வேறு மறுப்பு இல்லையென்றால் 'மோதுகுழி ஏரி' என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.