கட்டண டிவியை நிறுத்தப் போகிறோம்: ஆன்டெனா, பழைய டிஷ், ஸ்டிக் மூன்றிலும் சிக்கல், உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் டிவி இணைப்பை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தலாம் என்று இருக்கிறோம். பார்ப்பது பத்துப் பன்னிரண்டு சேனல், கட்டுவது இருநூறு சேனலுக்கு. மாற்றாக மூன்று வழிகளை முயன்றேன். மூன்றுமே பாதியில் நிற்கின்றன.

1. வீட்டுக்குள் வைக்கும் தட்டை ஆன்டெனா. டிவிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஸ்கேன் செய்தால் நான்கே சேனல். அதுவும் மாலையானால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

2. முன்பு வைத்திருந்த சேட்டிலைட் சேவையின் 60 செ.மீ. டிஷ் மொட்டை மாடியில் சும்மா நிற்கிறது. இலவச சேனல் ரிசீவர் ஒன்று வாங்கி இணைத்தேன். ஸ்ட்ரெங்த் 80 காட்டுகிறது, குவாலிட்டி 0.

3. இணையப் படங்களை டிவியில் ஓட்டும் எச்டிஎம்ஐ ஸ்டிக். டிவியின் யுஎஸ்பியிலிருந்தே கரன்ட் எடுக்கிறது. படம் ஓடத் தொடங்கிய சில நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

டிவி 43 அங்குலம், ஸ்மார்ட் டிவி அல்ல. இணையம் 40 எம்பிபிஎஸ். ரூட்டர் முன்னறையில், டிவி இரண்டு சுவர் தள்ளி. அம்மா அறையில் பழைய குழாய் டிவி; மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் குத்தும் இடம் மட்டும்தான் அதில் உண்டு. புதிதாக எதையாவது வாங்குவதற்கு முன் எதை முதலில் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1:
சகோதரி, முதல் வேலை: பழைய இணைப்பை இன்னும் துண்டிக்காதீர்கள். மாற்று ஏற்பாடு இரண்டு வாரம் தடங்கலில்லாமல் ஓடிய பிறகு துண்டிக்கலாம். ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி சேர்ந்தால் இணைப்புக் கட்டணம் புதிதாகக் கேட்பார்கள்.

ஆன்டெனாவுக்கு வருகிறேன். நான்கு சேனலாவது வந்திருப்பதால் உங்கள் டிவியின் ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் உள்பாகம்) ‘ஆன்டெனா’ நிலையில்தான் இருக்கிறது. (ஒன்றுமே வரவில்லை என்பவர்கள் முதலில் மெனுவில் பாருங்கள். ட்யூனர் ‘கேபிள்’ என்று இருந்தால் ‘ஆன்டெனா’ என்று மாற்றி ஸ்கேன் செய்ய வேண்டும். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.) உங்கள் பகுதியில் பழைய டிவிபி-டி, புதிய டிவிபி-டி2 என்ற இரண்டு டிஜிட்டல் முறைகளிலும் ஒளிபரப்பு நடந்தால், பழைய ட்யூனருக்கு முதல் வகை மட்டுமே பிடிபடும். டிவியின் விவரத்தாளில் ட்யூனர் எந்த வகை என்று பாருங்கள். வகை பொருந்தவில்லை என்றால் எவ்வளவு நல்ல ஆன்டெனா வைத்தும் பயனில்லை. தனி செட்டாப் பாக்ஸ்தான் வழி.

ஆன்டெனாவை டிவிக்குப் பின்னால் ஒட்டியதுதான் பெரிய தவறு. டிவியின் பின்புறம் முழுக்க உலோகத் தகடு, அதோடு பவர் சப்ளையின் இரைச்சல். ஒளிபரப்புக் கோபுரம் எந்தத் திசை என்று வரைபடத்தில் பார்த்து, அந்தப் பக்கத்து ஜன்னலில், முடிந்த அளவு உயரத்தில் வையுங்கள். இரும்புக் கம்பி ஜன்னல் என்றால் கம்பிக்கு வெளியே வைக்க வேண்டும். பிறகு ஆன்டெனாவை 90 பாகை திருப்பியும் ஒரு ஸ்கேன் செய்யுங்கள். கோபுரம் செங்குத்தாக அனுப்ப, ஆன்டெனா படுக்கையாக இருந்தால் பெருமளவு சிக்னல் வீணாகும்.

மாலையில் மட்டும் உடைவதற்கு, அந்த நேரத்தில் எரியத் தொடங்கும் எல்இடி பல்புகளையும் சார்ஜர்களையும் சந்தேகப்படுங்கள். சேனல் உடையும்போது ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனால் படம் தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. விளிம்பு வரை படம் கண்ணாடி போல் இருக்கும், ஒரு டெசிபெல் குறைந்தால் உடையும். பகலில் நன்றாகத் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. நீங்கள் விளிம்பில்தான் நிற்கிறீர்கள்.

பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நீளமான வயரிலும், வயரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலும் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட மட்டுமே அது உதவும். அதையும் ஆன்டெனாவை ஒட்டி வைக்க வேண்டும், டிவி பக்கத்தில் அல்ல. கோபுரம் அருகில் இருந்தால் பூஸ்டரே ட்யூனரைத் திணறடித்து, இருக்கிற சேனலும் போய்விடும். ஒரு வயரை இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஏறக்குறைய 3.5 டெசிபெல் போகும், நான்காகப் பிரித்தால் 7. உங்களைப் போல விளிம்பில் இருப்பவர்களுக்கு அந்த 3.5-தான் எல்லாமே.

பதில் 2:
டிஷ் பற்றி நான் சொல்றேன். ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி 0 என்றால் வயர் நல்லா இருக்கு, எல்என்பிக்கு (டிஷ்ஷோட கை நுனியில் சிக்னலை வாங்குற பாகம்) கரன்ட் போகுது என்று மட்டும்தான் அர்த்தம். எல்என்பியோட சொந்த இரைச்சலே அந்த 80-ஐக் காட்டும். நீங்க பார்க்க வேண்டியது குவாலிட்டியை மட்டும்.

மூன்று காரணம் இருக்கலாம். முதல் காரணம், பழைய சேவை இருந்த சேட்டிலைட் வேற, இலவச சேனல்கள் இருக்கிற சேட்டிலைட் வேற. டிஷ் இன்னும் பழைய இடத்தையே பார்த்துக்கிட்டு நிற்கும். இரண்டாவது, ரிசீவர் மெனுவில் எல்என்பி வகை தப்பு. யுனிவர்சல் வகை என்றால் 9750/10600 என்று இருக்கணும். சில எல்என்பிக்கு ஒரே எண்தான், உடம்பிலேயே எல்.ஓ. (எல்என்பியோட உள் அலைவரிசை) என்று அச்சடிச்சிருக்கும். மூன்றாவது, அது ஒரே வயரில் பல ரிசீவருக்கு அனுப்புற யூனிகேபிள் அல்லது எஸ்சிஆர் வகை எல்என்பியா இருக்கலாம். சாதாரண ரிசீவர் அதோட பேசாது. அப்படியிருந்தா எல்என்பியை மட்டும் யுனிவர்சலுக்கு மாற்றினா போதும். டிஷ் வெறும் கிண்ணம்தான், எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்பட்டது இல்லை. ஆனா அது உங்களுக்குச் சொந்தமா, வாடகையா என்று பழைய ஒப்பந்தத்தைப் பார்த்துக்கோங்க.

திருப்பும் முறை: ரிசீவரில் அந்த சேட்டிலைட்டோட வலுவான ஒரு டிரான்ஸ்பாண்டரை (சேட்டிலைட்டில் சேனல்களைச் சுமக்குற அலைவரிசை) வைங்க. உங்க ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தா உயரக் கோணம், திசைக் கோணம், எல்என்பியைச் சுழற்ற வேண்டிய கோணம் மூன்றையும் இணையக் கணிப்பான்கள் தரும். கம்பம் தூக்குக்குண்டு வைத்த மாதிரி நேரா நிற்கணும். சாய்ந்திருந்தா எந்தக் கணக்கும் ஒத்து வராது. முதலில் உயரக் கோணத்தை வைத்து லேசா இறுக்கிட்டு, அப்புறம் பக்கவாட்டில் திருப்புங்க.

இங்கேதான் எல்லாரும் தோற்பாங்க. 60 செ.மீ. டிஷ்ஷோட பார்வை மூன்று பாகைக்கும் குறைவு. 5 செ.மீ. தடிமன் கம்பத்தில் கிளாம்ப் 1 மி.மீ. நகர்ந்தாலே திசை இரண்டு பாகைக்கு மேல மாறிடும். ரிசீவர் சிக்னலைப் பூட்ட இரண்டு மூன்று விநாடி எடுக்கும். அதனால ஒரு மில்லிமீட்டர் நகர்த்து, மூன்று விநாடி நில்லு, மறுபடி நகர்த்து. வேகமா திருப்பினா சேட்டிலைட்டைத் தாண்டிப் போனதே தெரியாது.

காந்த ஊசியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைக்காதீங்க, பொய் சொல்லும். நல்ல வழி சூரியன்தான். உங்களுக்கு வேண்டிய திசைக் கோணத்தில் இன்றைக்கு எத்தனை மணிக்குச் சூரியன் நிற்கும் என்று பாருங்க. அந்த நிமிஷம் கம்பத்தோட நிழல் விழுற கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் டிஷ் பார்க்கணும். இன்னொன்று, இது ஆஃப்செட் டிஷ், அதாவது எல்என்பி நடுவில் இல்லாம கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கிற வகை. பார்க்க நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருந்தாலும் இருபது பாகைக்கு மேல வானத்தைத்தான் பார்க்குது. கண்ணால அளந்து மல்லாத்திடாதீங்க.

வயரைக் கழற்றும் முன் ரிசீவரோட பிளக்கையே பிடுங்கிடுங்க. அந்த வயரில் 13 அல்லது 18 வோல்ட் ஓடுது. வயரைச் சுற்றியிருக்கிற பின்னலோட இழை ஒண்ணு நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்.

பதில் 3:
ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆவது கோளாறே இல்லை, பசி. டிவியின் யுஎஸ்பி 2.0 துளை தருவது 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். படம் ஓடும்போது ஸ்டிக்குக்கு அதைவிட அதிகம் தேவைப்படும். பெட்டியில் வந்த அடாப்டரையே சுவர் பிளக்கில் குத்துங்கள். வயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் விழும். கூடவே வந்த வயரைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் அரை மணி நேரம் கழித்துத் தடுமாறினால் சூடுதான் காரணம். சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் போட்டு டிவியின் முதுகிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். அது வைஃபைக்கும் நல்லது.

40 எம்பிபிஎஸ் என்பது ரூட்டர் பக்கத்தில். வேகத்தை டிவி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்கு 5, 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது. 5 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 2.25 ஜிபி. தினம் நான்கு மணி நேரம் பார்த்தால் மாதம் 270 ஜிபி. உங்கள் இணையத் திட்டத்தில் அளவு வரம்பு உண்டா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். இல்லையென்றால் டிவியில் மிச்சம் பிடித்தது இணையத்தில் போகும். 3 எம்பிபிஎஸ், 720பி என்று வைத்தால் மாதம் 162 ஜிபி.

இரண்டு சுவர் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் தேய்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல். ஒரு ஈதர்நெட் வயர் இழுக்க முடிந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

குழாய் டிவிக்கு எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு (அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்) மாற்றும் கன்வெர்ட்டர் தேவை. கடையில் இரு திசையும் ஒரே மாதிரிப் பெட்டியில் இருக்கும். ‘எச்டிஎம்ஐ உள்ளே, ஏவி வெளியே’ என்று உறுதி செய்து வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுக்காதீர்கள். ஒருமுறை பணம் கட்டினால் உலகத்துச் சேனல் எல்லாம் வரும் என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளைத் தொடவே வேண்டாம். பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் இப்படிப்பட்ட பெட்டிகளில் புகுந்திருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விட்டது. சில பெட்டிகள் விற்பனைக்கு வரும்போதே தொற்றோடு வந்தவை. உங்கள் வீட்டு இணையம் வேறு யாருடைய குற்றத்துக்கோ வழியாகிவிடும். மேலும் அவற்றில் பெரும்பாலும் வைட்வைன் எல்1 சான்று (படத்தை உயர்தரத்தில் தரச் செயலிகள் கேட்கும் நகல்காப்புச் சான்று) இருக்காது. அட்டையில் 4கே என்று போட்டிருந்தாலும் கட்டணச் செயலிகள் 480பி-தான் கொடுக்கும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி அண்ணா. அடாப்டரைச் சுவரில் குத்தியதும் ஸ்டிக் நின்றுவிட்டது, அதாவது ரீஸ்டார்ட் ஆவது நின்றது. ஜன்னலுக்கு வெளியே வைத்ததும் ஆன்டெனாவில் 11 சேனல், மாலையிலும் உடையவில்லை. ஆனால் அதே கோபுரத்திலிருந்து வர வேண்டிய இரண்டு சேனல்கள் மட்டும் வரவே இல்லை. எல்என்பியில் 9.75/10.6 என்று இருக்கிறது. குழாய் டிவியில் சில செயலிகள் ஓடுகின்றன, சிலவற்றில் ஒலி மட்டும், திரை கறுப்பு.

பதில் 1:
அந்த இரண்டும் எந்த அலைவரிசை என்று பாருங்கள். 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் அது விஎச்எஃப். தட்டை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அதைவிட உயர்ந்த யுஎச்எஃப் அலைவரிசை அளவுக்கே செய்தவை. இதற்கு நீங்களே ஒன்று செய்யலாம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் இரு கைகளின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு 71.5 செ.மீ., ஆக ஒரு கை 36 செ.மீ. அளவில் இரண்டு செம்புக் கம்பி. நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு மரக்குச்சியில் கட்டி, ஒரு கையில் கோஆக்சியல் வயரின் நடுக்கம்பியையும் மறு கையில் பின்னலையும் இணையுங்கள். கோபுரத்துக்குக் குச்சியின் அகலப்பக்கம் தெரிய வேண்டும், நுனி அல்ல. இரண்டு ஆன்டெனாவையும் சேர்க்க ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போடாதீர்கள். யுஎச்எஃப்/விஎச்எஃப் கம்பைனர் என்று கேட்டு வாங்குங்கள்.

பதில் 3:
கறுப்புத் திரை எச்டிசிபி காப்பினால், அதாவது எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு. கட்டணச் செயலிகள் அந்தக் காப்பு இல்லாத கன்வெர்ட்டருக்குப் படம் தராது. அதைச் சுற்றி வளைக்க நேரம் செலவழிக்காதீர்கள். பழைய டிவிக்கென்று ஏவி துளையோடு வரும் இலவச சேனல் பெட்டியை அம்மாவுக்குக் கொடுங்கள். அவருக்கும் ஒரே ரிமோட்டில் நம்பர் அழுத்திப் பார்ப்பதுதான் எளிது.

நேரலை ஆட்டங்களை ஆன்டெனாவில் பாருங்கள். ஸ்ட்ரீமிங் பல விநாடி பின்தங்கித்தான் வரும். பக்கத்து வீட்டுக் கூச்சல் முந்திக்கொள்ளும். கட்டணச் செயலிகளில் ஒரு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். பெரும்பாலானவை மாதம் முடியும்வரை ஓடும். பழைய சேவையை நிறுத்தும்போது பெட்டி, ரிமோட், அடாப்டர் மூன்றையும் ஒப்படைத்து வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். டிவியும் இணையமும் ஒரே கட்டாக இருந்தால், டிவியை எடுத்த பிறகு இணையக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கூடுவது உண்டு.

பதில் 2:
9.75/10.6 என்றால் எல்என்பி சரி, அப்போ திசைதான். குவாலிட்டி எண் வந்ததும் உடனே இறுக்கிடாதீங்க. இடமும் வலமும் நகர்த்தி, எண் ஒரே அளவு குறையுற இரண்டு இடத்தையும் பென்சிலால் குறிச்சு, நடுவில் நிறுத்துங்க. உயரத்துக்கும் அதே மாதிரி. கடைசியா எல்என்பியைக் கொஞ்சம் கொஞ்சமா சுழற்றிப் பாருங்க. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் திருகா இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினா டிஷ் இழுத்துக்கிட்டு நகர்ந்துடும். வயர் முனையில் திருகுற எஃப் கனெக்டரில் நடுக்கம்பி 2 முதல் 3 மி.மீ. வெளியே தெரியணும். அதன் மேல தன்னோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, வயரை ஒரு வளையம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்க. மழைத்தண்ணி அந்த வளையத்தின் அடியில் சொட்டிடும், கனெக்டருக்குள்ள இறங்காது.