மண் பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வருகிறது. எந்தக் கரணை வாங்கலாம்?

தோட்டத்து வீடு:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஓர் அறை கட்டுகிறோம். பிசைந்த மண்ணை உருண்டையாக வைத்து எழுப்பிய சுவர், ஒன்றரை அடி கனம். நன்றாகக் காய்ந்துவிட்டது. போன வாரம் உள்பக்கம் பூச ஆரம்பித்தோம். சலித்த செம்மண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல். சிமெண்ட் வேலைக்குப் பிடிக்கும் அதே இரும்புக் கரணையால்தான் பூசினோம்.

பூசும்போதே மண் கரணையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அழுத்தித் தேய்த்த இடம் பளபளவென்று அழகாக இருந்தது. மறுநாள் பார்த்தால் மயிரிழை வெடிப்பு. தட்டினால் சில இடங்களில் டொக் டொக் என்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அப்படியே கையோடு வந்துவிட்டது. ஜன்னல் ஓரங்களை வளைவாக விட்டிருக்கிறோம், அங்கே கரணை உட்காரவே இல்லை. ஜப்பான் கரணை வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

பூச்சு வேலைக்காரன்:
தம்பி, கரணை வாங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். பூசும் முன் சுவரை நனைத்தீர்களா?

தோட்டத்து வீடு:
லேசாகத் தண்ணீர் தெளித்தோம், அண்ணே. தூசியைத் துடைக்கவில்லை.

பூச்சு வேலைக்காரன்:
டொக் டொக் சத்தம் அதனால்தான். காய்ந்த மண் சுவர் பூச்சில் இருக்கும் தண்ணீரை உடனே குடித்துவிடும், பிடிப்பு வராது. ஈர்க்குமாறால் தூசியைத் தள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை நனையுங்கள், பூசும் முன் இன்னொரு முறை. அப்புறம் செம்மண்ணை மோர் பதத்துக்குக் கரைத்துக் கையால் சுவரில் தேய்த்து, அது காயும் முன்பே பூச்சைப் போடுங்கள்.

தோல் உரிவதற்குத்தான் கரணை காரணம். ஈரப் பூச்சை இரும்பால் தேய்க்கத் தேய்க்க, தண்ணீரோடு மெல்லிய களிமண்ணும் மேலே வந்துவிடும். அந்தக் களித் தோல் உள்ளே இருப்பதைவிட அதிகமாகச் சுருங்கும், அதனால் தனியாகக் கழன்று வரும். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள்.

முதல் பூச்சுக்குக் கருவியே வேண்டாம், உங்கள் கைதான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மேல்நோக்கி அழுத்தித் தள்ளுங்கள். சுவரின் மேடு பள்ளம் விரலுக்குத் தெரிவது மாதிரி எந்தக் கரணைக்கும் தெரியாது. லேசாக இறுகியதும் நான்கைந்து ஆணி அடித்த பலகையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, முழுக்கக் காயவிடுங்கள்.

இரண்டாவது பூச்சுக்கு மணியாசுக் கட்டை, அதாவது பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரக்கட்டை. தச்சரிடம் மிச்சமிருக்கும் பலகைத் துண்டில் ஒரு அடி நீளம், நான்கு விரல் அகலத்துக்குச் செய்யச் சொல்லுங்கள், விளிம்பை இழைத்து மழுக்கிவிட வேண்டும். வேலைக்கு முன் தண்ணீரில் ஊறவைத்தால் மண் ஒட்டாது. மரம் மேற்பரப்பை அடைக்காமல் சொரசொரப்பாக விடும், பூச்சு உள்ளிருந்து ஒரே சீராகக் காயும்.

எப்போது தேய்ப்பது என்பதைக் கட்டைவிரல் சொல்லும். அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் மண் ஒட்டக்கூடாது. அப்போது மரக்கட்டை. குழி விழுவதே சிரமம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் இரும்பு, அதுவும் வழவழப்பு வேண்டும் என்றால் மட்டும்.

ஜப்பான் கரணை நல்ல கருவி. தகடு மெல்லியது, வளைந்து கொடுக்கும். ஆனால் அது 2, 3 மில்லிமீட்டர் கடைசிப் பூச்சுக்குப் பொருந்தும். உங்கள் பிரச்சினை அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது.

மண்கை அக்கா:
ஜன்னல் வளைவுக்கு நான் சொல்கிறேன். தயிர் டப்பா மூடியின் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, நடுத்தகட்டை முட்டை வடிவத்தில் கத்தரித்துக்கொள்ளுங்கள். வளைவோடு சேர்ந்து வளையும், களிமண்ணில் கறையும் விடாது. வெளிர் நிற மண்ணில் இரும்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் கரும்பட்டை விழும், நான் ஒரு சுவரையே மறுபடி பூசியிருக்கிறேன். இருக்கும் கரணையை வீச வேண்டாம் தம்பி. கூர் முனைகளை அரத்தால் ராவி மழுக்குங்கள், மண்ணைக் குத்திக் கிழிக்காது.

தோட்டத்து வீடு:
ரொம்ப நன்றி அக்கா. வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசலாம் என்று இருக்கிறோம். அதற்கும் இதே கட்டைதானா?

பூச்சு வேலைக்காரன்:
கட்டை அதேதான், இன்னும் அவசியம். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். சீக்கிரமே இரும்பால் மூடிவிட்டால் காற்று உள்ளே போவது குறையும். செட்டிநாட்டுச் சுவர்களின் கண்ணாடி வழவழப்பு, மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கடைசியில் கல்லால் தேய்த்துக் கொண்டு வந்தது. அதைப் பழகியவர் கூட இருந்து செய்ய வேண்டும்.

அலுமினியச் சட்டியில் சுண்ணாம்பு வைக்காதீர்கள், அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி போதும். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

தோட்டத்து வீடு (ஒன்பது நாள் கழித்து):
அண்ணே, அக்கா, சோதனை போட்டுப் பார்த்தோம். டொக் என்ற இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, மூன்றடிக்கு மூன்றடி இடத்தை இரண்டாகப் பிரித்தோம். இரண்டையும் ஒரே மாதிரி நனைத்துக் கரைசல் தேய்த்தோம். ஒரு பாதியில் கையும் மரக்கட்டையும், இன்னொன்றில் ஈரத்திலேயே இரும்பு. இரும்பு போட்ட பாதி இந்த முறை சுவரை விடவில்லை, ஆனால் மேல்தோல் திரும்பவும் நகத்தோடு வருகிறது. கை வைத்த பாதி கெட்டியாக நிற்கிறது, ஒரு மூலையில் மட்டும் மெல்லிய வெடிப்பு.

பூச்சு வேலைக்காரன்:
களி கொஞ்சம் அதிகம். மணலை இரண்டரைப் பங்காக்கி இன்னொரு சிறு துண்டு போட்டுப் பாருங்கள். அது காய்ந்த பிறகு பெரிய சுவரில் கை வையுங்கள் தம்பி.