நாற்பது ரூபாய்க்கு நடந்த கால்கள்

கேள்வி:
200 ரூபாய்க் குடை அடுத்த தெருவில் 160 என்றார்கள். உச்சி வெயிலில் நடந்துபோய் வாங்கினேன். மறுவாரம் 32,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ். எதிர்க்கடையில் 400 குறைவு என்று தெரிந்தும் நகரவில்லை. நாற்பதுக்கு நடந்த கால்கள் நானூற்றுக்கு ஏன் நடக்கவில்லை? மனம் உறுத்துகிறது.

பதில் 1:
1981இல் டிவெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மக்களிடம் இதையே கேட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டரில் 5 டாலர் மிச்சமென்றால் இருபது நிமிடம் காரோட்டிப் போவோம் என்றவர்கள் 68 சதவீதம். கால்குலேட்டர் 125 டாலர் என்றபோது, அதே 5 டாலருக்கு 29 சதவீதமே. மனம் மிச்சத் தொகையை அல்ல, விலையில் அது எத்தனை பங்கு என்ற விகிதத்தைத்தான் எடைபோடுகிறது.

பதில் 2:
கீரைக்கார அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதும் இதனால்தான் ஐயா. அவருக்கு அது பெரிய பணம்.

கேள்வி கேட்டவர்:
உண்மை. இனி மிச்சத்தை மட்டும் தாளில் எழுதிப் பார்ப்பேன். அந்த 400, எங்கள் வீட்டுக்கு ஒரு வாரப் பால்.