புக்கெட்டில் இரண்டு வார உடற்பயிற்சி முகாம்: எப்படித் தயாராவது?

பேரூர்வாசி (கேள்வி):

வணக்கம். வரும் பிப்ரவரியில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், சாலோங் பகுதியின் தா-இயாத் தெருவில் இருக்கும் முகாம் ஒன்றில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். காலையில் முவே தாய் (கை கால்களால் தாக்கும் தாய்லாந்துக் குத்துச்சண்டை), மாலையில் எடைப் பயிற்சி என நாளுக்கு இரண்டு வகுப்புகள். ஞாயிறு மட்டும் விடுமுறை. எனக்கு வயது 43. கோவையில் குளிரூட்டிய அலுவலகம், குளிரூட்டிய ஜிம் என்றே நாள் கழிகிறது. ஓரளவு நன்றாகவே எடை தூக்குவேன். ஆனால் வெயிலில் பயிற்சி செய்து பழக்கமில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சைவ உணவு மட்டுமே உண்பேன். இன்னும் ஆறு வாரங்கள் இருக்கும் நிலையில் எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கடற்கரை ஓட்டக்காரன்:

வணக்கம், சகோதரி. நீங்கள் எவ்வளவு எடை தூக்குகிறீர்கள் என்பதைவிட, புழுக்கத்தை உங்கள் உடல் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் அங்கே முதல் வாரத்தைத் தீர்மானிக்கும். முவே தாய் கற்றுத்தரும் இடங்கள் பெரும்பாலும் மேலே கூரையும் பக்கவாட்டில் திறப்புமாக இருக்கும் கொட்டகைகள். மின்விசிறி சுழலும், அவ்வளவுதான். கோவையின் வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. கடலோர ஈரக்காற்றில் அது உலராமல் சொட்டிக்கொண்டே இருப்பதால், வியர்த்துக் கொட்டினாலும் உள்சூடு இறங்குவதில்லை.

இதற்கு உடலைப் பழக்க முடியும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள், நாளுக்கு ஒரு மணி நேரமாவது வெக்கையில் மிதமான பயிற்சி செய்யுங்கள்; முற்பகலில் மொட்டைமாடியோ, மின்விசிறியை நிறுத்திய அறையோ போதும். முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, அதே வேலைக்கு இதயத்துடிப்பு குறையத் தொடங்கும். வியர்வை விரைவில் சுரக்கும், அதில் வெளியேறும் உப்பும் குறையும். இந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதால் இப்போதே தொடங்கிப் பின்னர் நிறுத்துவதில் பயனில்லை. அதுவரையிலான நான்கு வாரங்களைக் கால்களுக்குக் கொடுங்கள். முவே தாய் வகுப்புகள் பெரும்பாலும் கயிறு தாண்டுவதில்தான் தொடங்கும். பழகாதவர்களுக்கு மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். வெறுங்காலுடன் உதைக்கும்போது ஊன்றிய கால் விரிப்பில் திரும்புமல்லவா, அப்போது பெருவிரலுக்குக் கீழுள்ள சதை உரசிக் கொப்புளம் கிளம்பும். ஆகையால் அந்த இடத்தில் வகுப்புக்கு முன்பே பிளாஸ்திரி சுற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால், முதல் மூன்று நாள்கள் காலை வகுப்பு மட்டும் போதும், பணம் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

மேலே சொன்னவற்றில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் வெக்கைப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே தம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் பெருக்கி வகை மாத்திரையாக இருந்தால் நீரும் உப்பும் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும். பீட்டா தடுப்பான் வகையாக இருந்தால் இதயத்துடிப்பு அவ்வளவாக உயராது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்துப் பயிற்சியின் கடுமையைக் கணிக்க முடியாது. அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உடல்வலிக்காக ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் பையில் வைத்துக்கொண்டு போவது நம்மிடையே சகஜம். நீர்ச்சத்து குறைந்த நிலையில், சில இரத்த அழுத்த மாத்திரைகளோடு இவை சேரும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் உங்களுக்கு இவை வேண்டாம். பழக்கமில்லாத கடும்பயிற்சிக்குப் பின் தசைவலி அளவுகடந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை நார்கள் சிதைந்து இரத்தத்தில் கலக்கின்றன என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். மருத்துவ உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரால் உடலை நனைத்துக் குளிர்விக்க வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலில் சோடியம் இருப்பதால், எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கைத்தமிழன்:

அக்கா, நான் விடுமுறைக்கு அடிக்கடி அங்கே போகிறவன். சைவம் கிடைக்கும், ஆனால் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள், கறிக்கான மசாலா விழுதில் இறால் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று தாய் மொழியில் எழுதிய கடைகளைத் தேடுங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்ப்பதில்லை, பூண்டு வெங்காயம்கூட இராது. புரதத்துக்கு டோஃபு தாராளமாகக் கிடைக்கும்.

பயணக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். குத்துச்சண்டை போன்ற மோதல் விளையாட்டுகளைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. வாடகை ஸ்கூட்டரும் அப்படித்தான்: இருசக்கர வாகனத்துக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் இழப்பீடு கிடைப்பது கடினம். புக்கெட்டின் மேடுபள்ளச் சாலைகளில், களைத்த கால்களோடு, அது தேவையே இல்லை. முகாமுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்து செல்லும் வெளிநாட்டினர், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசினுடையது அன்று.

துணிகளில் பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது. கையில் சுற்றும் துணிப்பட்டை இரண்டு இணை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று உலரும்போது மற்றது உதவும்.

பேரூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறேன். இன்னும் ஒரு கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் நீந்தலாமா?

சிங்கைத்தமிழன்:

தாராளமாக, அக்கா. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் கடுமையாக இருக்கும். பிப்ரவரியில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். எந்த மாதமானாலும் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். ஃபி ஃபி அல்லது சிமிலான் தீவுகளுக்குப் போவதானால் சன்ஸ்கிரீன் குப்பியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு பொருள்கள் கலந்தவற்றுக்கு, பவளப் பாறைகளைக் காக்கக் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகும். துத்தநாக ஆக்சைடு வகையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், புக்கெட் கடைகளில் விலை அதிகம்.