அரை ரொட்டியா, பெர்லின் ரயிலா: லியோபோல்ட் வைஸ் எங்கே முஹம்மது அசத் ஆனார்?

கடற்கரைப்பள்ளி:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். முஹம்மது அசத்தின் தன்வரலாற்றை இரண்டாம் தடவையாகப் படித்து முடித்தேன். ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த பெயர் லியோபோல்ட் வைஸ். 1900இல் லெம்பெர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு, இன்றைக்கு உக்ரைனின் லிவிவ். தாத்தா ரப்பி, அதாவது யூத மதகுரு. ஹீப்ரு, யூதர்களின் சமய நூலான தல்மூத் எல்லாம் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்தார்கள். வியன்னாவில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பெர்லின் போய்ப் பத்திரிகைக்காரர் ஆனார். 1922இல் ஜெருசலேமில் இருந்த தாய்மாமா கூப்பிட்டார் என்று கப்பல் ஏறினார். அதோடு அலைச்சல் தொற்றிக்கொண்டது. பாலஸ்தீனம், எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தான். 1926இல் பெர்லினில் கலிமா சொல்லி முஸ்லிம் ஆனார்.

என் கட்சி இதுதான்: அவரை மாற்றியது எந்த மவ்லவியும் இல்லை, பயணம்தான். முதல் பயணத்தில் சினாய் பாலைவனத்தைக் கடக்கும் ரயிலில் எதிரே ஒரு பதூவி, பாலைவன நாடோடி அரபி. ஸ்டேஷனில் ரொட்டி வாங்கியவர், உட்காரப் போகும்போது இவரைப் பார்க்கிறார். ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நீட்டுகிறார். நீயும் வழிப்போக்கன், நானும் வழிப்போக்கன், போகிற வழி ஒன்றுதான் என்கிறார். முன்பின் தெரியாத ஆள். எல்லாம் அந்த அரை ரொட்டியில் ஆரம்பித்ததுதான்.

பகுத்தறிவன்57:
வணக்கம் பாய். ரயிலில் புளிசாதம் கொடுத்தவர்களை எண்ணினால் நான் இதுவரை நாலு மதம் மாறியிருக்க வேண்டும்.

விளையாட்டு போகட்டும். நீங்கள் சொல்லும் புத்தகம் வந்தது 1954இல். ரொட்டி பிய்த்தது 1922. முப்பத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிற மனுஷனுக்கு முடிவு என்னவென்று தெரியும். முடிவு தெரிந்தவன் ஆரம்பத்தை அதற்கேற்ற மாதிரி செதுக்கத்தான் செய்வான். இன்னொன்று, பத்திரிகைக்குப் போகுமுன் இவர் பெர்லினில் முர்னாவ் என்ற டைரக்டரிடம் உதவியாளராக இருந்தவர். சினிமா தெரிந்தவர் எழுதிய காட்சி. அதில் எது நடந்தது, எது ஜோடனை?

அன்றைய பெர்லினையும் நினைத்துப் பாருங்கள். முதல் உலகப்போர் முடிந்து பேரரசே உடைந்துபோன நேரம். படித்த இளைஞர்களில் பல பேர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு புத்தர், இன்னொருத்தருக்கு உபநிஷதம். அசத்தே கிழக்கே போவதற்கு முன்பு சீனத்துத் தாவோ நூலில் மயங்கிக் கிடந்ததை எழுதியிருக்கிறார். கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போயிருந்தால் பௌத்தர் ஆகியிருப்பார். அவ்வளவுதான்.

புத்தகப்புழு:
இரண்டு பேருமே தப்பான ரயிலில் ஏறியிருக்கிறீர்கள்.

அவர் முஸ்லிமாக முடிவெடுத்த இடம் சினாயும் இல்லை, காபூலும் இல்லை. 1926 செப்டம்பர், பெர்லின் சுரங்க ரயில். பக்கத்தில் மனைவி எல்சா. எதிரே நல்ல கோட்டுப் போட்ட, வசதியான ஒரு மனிதர். கையில் வைர மோதிரம். முகத்தில் மட்டும் ஏதோ தீராத வலி. பக்கத்துப் பெண்ணைப் பார்க்கிறார், அதே வலி. பெட்டி முழுக்கப் பார்க்கிறார், எல்லா முகத்திலும் அதுவே. வீட்டுக்கு வருகிறார். மேஜையில் படித்துக்கொண்டிருந்த குர்ஆன் திறந்து கிடக்கிறது. மூடி வைக்கப் போனவர் கண்ணில் படுவது 102ஆவது ஸூரா, அதாவது அத்தியாயம். மேலும் மேலும் சேர்க்கும் ஆசை உங்களைப் பராக்காக்கிவிட்டது, கப்றை (மண்ணறையை) சந்திக்கும் வரை.

"பராக்கு" என்கிற சொல்லை நம் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, திகைப்பும் வந்தது. ஊர் ஊராகப் பராக்குப் பார்த்துத் திரிந்தவரைப் பிடித்து நிறுத்திய வசனம் அது.

அதனால் கடற்கரை பாய், பயணம் அவரை மாற்றவில்லை. சொந்த ஊர் ரயிலைப் பார்க்க வேறு கண்ணைக் கொடுத்தது. பெர்லினிலேயே இருந்திருந்தால் அந்த முகங்கள் வெறும் முகங்கள்.

பகுத்தறிவன்57:
திறந்த பக்கத்தில் விடை கிடைப்பதா? பஞ்சாங்கத்தில் சீதா சக்கரத்தில் கண்ணை மூடி விரல் வைப்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

கடற்கரைப்பள்ளி:
ஐயா, விரல் வைத்துப் பார்க்கிறவன் அப்போதுதான் பஞ்சாங்கத்தைத் தொடுகிறான். இவர் வருஷக்கணக்காகக் குர்ஆனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். அதற்கு முந்திய குளிர்காலத்தில் ஆப்கானிஸ்தானில் குதிரையில் போகும்போது ஒரு மாவட்ட அதிகாரி வீட்டில் தங்குகிறார். பேச்சுவாக்கில் இஸ்லாம் எவ்வளவு எளிமையானது, முஸ்லிம்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள் என்று இவர் ஆவேசமாகப் பேச, அந்த மனிதர் உற்றுப் பார்த்துவிட்டு, நீ முஸ்லிம்தான், உனக்குத்தான் அது தெரியவில்லை என்கிறார். இவருக்குப் பேச்சு வரவில்லை. அது நடந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் பெர்லின் ரயில்.

பௌத்தர் ஆகியிருப்பார் என்கிறீர்கள். ஊர் சுற்றிய ஐரோப்பியர் எல்லாம் சுற்றிய ஊர் மதத்துக்கா போனார்கள்? ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் 1853இல் வேஷம் போட்டுக்கொண்டு மக்காவுக்கே போனார். திரும்பி வந்து புத்தகம் போட்டார். அசத் அரேபியாவில் ஆறு வருஷம் வாழ்ந்தார், குடும்பம் நடத்தினார், மகன் பிறந்தான். அந்த மகன்தான் பின்னாளில் மானுடவியலில் பெரிய பெயரெடுத்த தலால் அசத்.

கீழக்கரை_லாத்தா:
கடற்கரை காக்கா, அண்ணே, கோபிக்காதீங்க, ஒன்று கேட்கிறேன். வெள்ளைக்காரர் ஒருத்தர் இஸ்லாத்துக்கு வந்தால் நம்மாட்கள் வாட்ஸ்அப் முழுக்கப் பரப்புவது ஏன்? பக்கத்துத் தெருவில் ஒரு பெயின்டர் கலிமா சொன்னால் அவருக்கு வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. அசத் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய மார்க்கத்தை விட அவருடைய பாஸ்போர்ட்டைத்தான் நாம் கொண்டாடுகிறோமோ என்று சந்தேகம்.

பகுத்தறிவன்57:
தங்கச்சி சொல்வதுதான் சரி. நான் சொல்ல வந்ததும் இதுதான். அந்தப் பதூவியால் பெர்லினுக்கு டிக்கெட் எடுத்து, ஒரு ஜெர்மன்காரரின் ரொட்டியைச் சாப்பிட்டு, புத்தகம் எழுத முடியுமா? இவருக்கு ஃப்ராங்க்ஃபுர்ட்டர் ட்சைட்டுங் என்ற ஜெர்மன் பத்திரிகை பணம் கொடுத்தது. பாலைவனத்து அரபி என்றால் சுத்தமானவன், நகரத்தில் கோட்டுப் போட்டவன் என்றால் நோயாளி. இதுவும் ஒரு வெள்ளைக்காரப் பார்வைதான்.

புத்தகப்புழு:
பாதி ஒத்துக்கொள்கிறேன். பாலைவன வர்ணனைகளில் அந்த மயக்கம் இருக்கிறது. நானே சில பக்கங்களைத் தாண்டிப் போனேன்.

மீதிப் பாதி இடிக்கிறது. "வெள்ளைக்காரர்" என்று இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஐரோப்பா அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டதா என்ன? 1939இல் போர் மூண்டபோது அவர் இந்தியாவில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு பிடித்து முகாமில் அடைத்தது. 1945 வரை உள்ளே. அவர் இங்கே முள்வேலிக்குள் இருந்த அதே காலத்தில் அங்கே அப்பாவையும் தங்கையையும் நாஜிகள் கொன்றார்கள். பிரிட்டிஷ்காரருக்கு ஜெர்மன் பக்கத்து ஆள், ஜெர்மானியருக்கு யூதர். பகுத்தறிவன் ஐயா சொல்லும் சொகுசுப் பயணி இவர் இல்லை.

மயக்கம் கடைசி வரை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சவூதி மன்னர் இப்னு சவூத் மேல் பெரிய நம்பிக்கை வைத்தார், அது கலைந்தது, 1932இல் அரேபியாவை விட்டு இந்தியா வந்தார். கவிஞர் இக்பாலோடு பழகினார். பாகிஸ்தான் பிறந்ததும் அங்கே வேலைக்குப் போனார், ஐ.நா.வில் அந்த நாட்டுப் பிரதிநிதியாக இருந்தார், அதையும் விட்டார். கடைசியில் எழுதிய குர்ஆன் விளக்கவுரைக்கு சவூதியில் தடை. அது முழுசாக வெளிவந்தது 1980இல்தான். சிந்திக்கிற மக்களுக்கு என்று சமர்ப்பணம் போட்டிருந்தார்.

கடற்கரைப்பள்ளி:
தடை பற்றி நானே சொல்லியிருக்க வேண்டும். முதல் பதிவில் விட்டது என் வசதிக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர் உரையில் எனக்கே உடன்பாடில்லாத இடங்கள் உண்டு.

லாத்தா கேட்டது உறைக்கிறது. பதில் இல்லை.

கீழக்கரை_லாத்தா:
பதில் வேண்டாம் காக்கா. இன்னொன்று கேட்கிறேன், அதற்குச் சொல்லுங்கள். அந்த ரயிலில் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று ஆண்கள் இவ்வளவு நேரம் பேசினீர்கள், எல்சா பேரை ஒரே ஒரு தடவை எழுதினீர்கள், அதுவும் "பக்கத்தில் மனைவி". அவர் ஓவியர். புருஷனை விடப் பல வயது மூத்தவர். அவரும் சில வாரத்தில் இஸ்லாத்தை ஏற்றார். 1927இல் ஹஜ்ஜுக்குப் போனார்கள். மக்கா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நோய் கண்டு மவுத். அங்கேயே அடக்கம். அசத் 1992 வரை இருந்து, கிரனாடாவில் அடங்கினார். அவருக்கு மொராக்கோ, போர்ச்சுகல், ஸ்பெயின் என்று பயணம் நீண்டுகொண்டே போனது. இந்த அம்மா என்ன பார்த்தார், ஏன் வந்தார் என்று யாராவது கேட்டீர்களா?

பகுத்தறிவன்57:
புருஷன் மாறினார், பெண்டாட்டியும் மாறினார் என்றுதான் நானும் தாண்டிப் போயிருந்தேன். பெண்ணுரிமை பேசுகிறவன் செய்கிற காரியமா இது என்று என் மகள் கேட்பாள்.

புழு, அந்த ரயில் காட்சியில் அந்த அம்மா ஏதாவது பேசுகிறாரா? புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது.

புத்தகப்புழு:
பேசுகிறார். இவர் சுட்டிக்காட்டியதும் பெட்டியைச் சுற்றிப் பார்க்கிறார், ஓவியம் வரைகிற கண்ணோடு. சொன்னதன் சாரம் இது: ஆமாம், எல்லோரும் நரக வேதனைப்படுகிற மாதிரி இருக்கிறார்கள். தங்களுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்காவது தெரியுமோ என்னவோ.

அதற்குப் பிறகுதான் வீடு, மேஜை, 102ஆவது ஸூரா. அவர் குர்ஆனை எல்சாவிடம்தான் முதலில் நீட்டுகிறார், படித்துப் பார் என்று.