கடை வரிசை வாங்கப் போகிறேன்: விற்பவர் கொடுத்த ஃபேஸ் ஒன் ரிப்போர்ட் போதுமா?

புதுக்கணக்கு:
சாலையோரத்தில் நாலு கடை வரிசையாக உள்ள ஒரு கட்டடத்தைக் கிட்டத்தட்ட பேசி முடித்துவிட்டேன். பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்தாகிவிட்டது. நிலத்தில் அசுத்தம் இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் முதல்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வு (ஃபேஸ் ஒன்) பற்றிக் கேட்டபோது விற்பவர் தன்னிடமிருந்த ரிப்போர்ட்டையே அனுப்பிவிட்டார், மூன்று வருடத்துக்கு முன் அவர் கடன் வாங்கியபோது எடுத்ததாம். கடைசிப் பக்கத்தில் "மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை" என்று இருக்கிறது, ஆனால் நடுவில் எங்கேயோ ஒரு வரி, கோடிக் கடையில் முன்பு டிரை கிளீனிங் நடந்ததாக. இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் கடை. புரோக்கர் "தரையெல்லாம் கான்கிரீட் சார், ஒன்றும் இறங்கியிருக்காது" என்கிறார். ஒப்பந்தப்படி நான் பின்வாங்க இன்னும் 30 நாள்தான். மறுபடி செலவு செய்ய வேண்டுமா?

மண்வாசனை:
செய்யுங்கள். இந்த வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் யார் பெயருக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விற்பவர், அவருடைய வங்கி, அவ்வளவுதான் இருக்கும். நாளை மண்ணில் ஏதாவது கிளம்பினால் ரிப்போர்ட் எழுதிய கன்சல்டன்டை நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. தேதியும் தாண்டிவிட்டது. ஃபேஸ் ஒன்னை எப்படிச் செய்வது என்று சொல்லும் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். இ1527-21 தரத்தைத்தான் வேறு நாட்டு ஆட்களும் பல இடங்களில் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள், அதன்படி நேரில் பார்த்தது, விசாரித்தது, அரசுப் பதிவுகளைத் தேடியது எல்லாமே நீங்கள் வாங்கும் நாளுக்கு முந்தைய 180 நாளுக்குள் இருக்க வேண்டும். அங்கே 1980-இல் வந்த சட்டத்தின்படி, அசுத்தம் செய்தது வேறொருவர் என்றாலும் இப்போதைய உரிமையாளரிடமே சுத்தம் செய்யும் செலவைக் கேட்கலாம். வாங்கும் முன் ஒழுங்காக விசாரித்திருந்தால்தான் அதிலிருந்து பாதுகாப்பு. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீலிடம் கேளுங்கள்.

அப்புறம் அந்த டிரை கிளீனிங். அங்கே பெரும்பாலும் பயன்பட்டது பெர்க் என்கிற திரவம். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம், அதனால் பெட்ரோல் மாதிரி நிலத்தடி நீரின் மேல் மிதக்காது, அதையும் தாண்டிக் கீழே போய்விடும். கான்கிரீட் ஒரு தடையே இல்லை, விரிசல் வேண்டாம், அதன் துளைகளே போதும். கீழே தங்கியதன் ஆவி மேலே வந்து கடைக்குள் இருப்பவர் மூச்சில் கலக்கும், அந்த அளவில் வாசனைகூடத் தெரியாது. புரோக்கர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

ஃபேஸ் ஒன்னில் யாரும் ஒரு பிடி மண்ணைக்கூட எடுப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. பழைய விமானப் படங்கள், வரைபடங்கள், யார் எப்போது என்ன கடை வைத்திருந்தார் என்கிற பதிவுகள், ஒரு நாள் நேரில் சுற்றிப் பார்ப்பது, நாலு பேரைக் கேட்பது, இவ்வளவுதான். "தேவையில்லை" என்றால் சுத்தம் என்று பொருளில்லை. ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் எல்லாம் அதில் சேராது, தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

ஓரமா_நிற்கிறேன்:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. அங்கே துணியை வெளுக்கும் மெஷினே இருந்ததா, இல்லை துணி வாங்கிக் கொடுக்கும் கவுன்டர் மட்டுமா? கவுன்டர் மட்டும் என்றால் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

பழைய_குடோன்:
நான் சூடுபட்டவன். குடோன் வாங்கும்போது பின்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய இரும்புக் குழாய் கூரை வரை போனது, நுனியில் தொப்பி மாதிரி மூடி. பக்கத்துத் தரையில் மட்டும் ஒரு சதுரம் வேறு நிறத்தில் இருந்தது. நானும் பார்த்தேன், ஏதோ பழைய பைப் என்று விட்டுவிட்டேன். கீழே எண்ணெய் டேங்க், துருப்பிடித்து ஒழுகியிருந்தது, அந்தக் குழாய் அதற்குக் காற்றுப்போக்கி. ஆய்வே எடுக்கவில்லை, மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் ஒருவர் வந்து ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். தோண்டி மண்ணை அள்ளி வெளியேற்றிய செலவை எழுத மனசு வரவில்லை.

மண்வாசனை:
@ஓரமா_நிற்கிறேன் சரியான கேள்வி, முதலில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
துளை போட்டு மண்ணை எடுத்து லேபில் சோதிக்கும் ஃபேஸ் டூவுக்கு நேராகப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: எங்கே துளை போடுவது என்று ஃபேஸ் ஒன்தான் சொல்லும். ஆனால் 30 நாளில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய முடியாது. ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம், அதன்பின் துளை, லேப். அதனால் இன்றைக்கே கால நீட்டிப்பு கேளுங்கள். துளை போட விற்பவரின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். சிலர் மறுப்பார்கள், தெரிந்துவிட்டால் அரசிடம் சொல்ல வேண்டி வருமே என்கிற பயம். மறுப்பதே ஒரு பதில்தான் என்பேன். மண்ணில் ஏதாவது கிடைத்தால் விலையைக் குறைக்கலாம், ஒரு தொகையை மூன்றாம் ஆளிடம் நிறுத்தி வைக்கலாம், உடனே ஓட வேண்டும் என்றில்லை. இன்னொன்று, கன்சல்டன்டை வக்கீல் மூலமாக நியமியுங்கள்.

புதுக்கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட்டை மறுபடி முழுசாகப் படித்தேன். பின்னிணைப்பில் கோடிக் கடையின் பின்அறைப் படம் இருக்கிறது, தரையில் வடிகால் துளை, அதைச் சுற்றி நாலு போல்ட் அறுத்த தடம். கவுன்டருக்கு போல்ட் எதற்கு? விற்பவரிடம் 45 நாள் கூடுதலாகக் கேட்டு வக்கீல் கடிதம் அனுப்பிவிட்டார், புது ஆய்வு என் பெயரிலேயே எடுக்கிறோம், துளை போடும் அனுமதியையும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறோம். புரோக்கர் இரண்டு நாளாக போன் எடுக்கவில்லை.