10 டிகிரி கூடினால் வினை வேகம் இரட்டிப்பாவது ஏன்?

குடுவைக்காரன்:
சோடியம் தயோசல்பேட் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, குடுவைக்கு அடியில் தாளில் போட்ட பெருக்கல் குறி கந்தகக் கலங்கலில் எப்போது மறைகிறது என்று நேரம் பார்ப்போமே, அந்தச் சோதனைதான். செறிவு விஷயம் புரிகிறது. தயோசல்பேட்டைப் பாதியாக நீர்த்தால் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, செறிவுக்கு எதிராக 1/நேரம் வரைந்தால் நேர்கோடு. குழப்பம் வெப்பநிலையில்தான். 25 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கெல்வினில் அது 298லிருந்து 308, அதாவது 3 சதவீதம் சொச்சம். சூடானால் துகள்கள் வேகமாக ஓடி அதிகம் மோதும் என்கிறார்கள், சரி, அதற்காக இவ்வளவா?

மோல்கணக்கு:
உங்கள் சந்தேகம் நியாயமானது. துகள்களின் சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும் என்பதால், அந்தக் கணக்கில் கூடுவது 2 சதவீதம்கூட இல்லை. மோதல் எண்ணிக்கை இங்கே சின்ன விஷயம். மோதுவதில் பெரும்பாலானவை வீண்தான், மோதிவிட்டு அப்படியே விலகிப் போய்விடும், கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, தாண்டும் அளவுக்கு ஆற்றலோடு மோதும் கொஞ்சப் பேர்தான் வினைபுரிகிறார்கள். அந்தக் கொஞ்சப் பேரின் பங்கு அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்து 298க்கும் 308க்கும் போட்டுப் பாருங்கள், 1.9 மடங்கு வரும்.

பியூரெட்:
கணக்கு இருக்கட்டும், அளவீட்டையும் கவனியுங்கள். தயோசல்பேட்டை மட்டும் சூடாக்கி, குளிர்ந்த அமிலத்தை ஊற்றிவிட்டு முதலில் பார்த்த வெப்பநிலையையே எழுதிவைப்பவர்கள் நிறைய. இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் வைத்து, கலந்த பிறகு வெப்பநிலை பாருங்கள், முடிவிலும் ஒருமுறை பார்த்துச் சராசரி எடுங்கள். மொத்தக் கன அளவும் குடுவையும் மாறவே கூடாது, ஏனென்றால் திரவத்தின் ஆழம் மாறினால் அதே கலங்கலில் குறி சீக்கிரமோ தாமதமாகவோ மறையும், வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சல்பர் டை ஆக்சைடு வெளியேறும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் சோடியம் கார்பனேட் கரைசலில் கொட்டிவிடுங்கள்.

எதிர்வினை:
ஒரு திருத்தம், '10 டிகிரிக்கு இரட்டிப்பு' என்பது விதி இல்லை, அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் பல வினைகளுக்குத் தற்செயலாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். கிளர்வு ஆற்றல் 100 கிலோஜூல் என்றால் அதே 10 டிகிரிக்கு 3.7 மடங்கு. 50 கிலோஜூலேயே இருந்தாலும் 75லிருந்து 85க்குப் போனால் 1.6 மடங்குதான். நொதி இருந்தால் கதையே வேறு, ஒரு கட்டத்துக்கு மேல் சூடாக்கினால் நொதி சிதைந்து வேகம் விழுந்துவிடும்.

குடுவைக்காரன்:
அப்போ என் அளவீடுகளை வைத்தே கிளர்வு ஆற்றலைக் கண்டுபிடிக்கலாமா?

மோல்கணக்கு:
தாராளமாக. அர்ரேனியஸ் 1889இல் சொன்ன சமன்பாடு அதற்குத்தான். 1/நேரத்தின் இயல் மடக்கையை ஒரு அச்சிலும், 1/கெல்வின் வெப்பநிலையை இன்னொன்றிலும் போடுங்கள். செறிவுகளை மாற்றாமல் இருந்தால் கோடு நேராக வரும், சரிவு குறைக்குறியோடு இருக்கும். அதை வாயு மாறிலியான 8.314ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் மோலுக்கு இத்தனை ஜூல் என்று விடை. செல்சியஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.